பெரியப்பாவின் எஞ்சின்கள்

பழைய இரும்பு வாங்குபவர் இன்று காலை கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருக்கும் பெரியப்பாவின் நீராவி எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடைக்கு விலை சொன்னார்.

“அவர் பிள்ளை மாதிரி வளர்த்தது. எடைக்குப் போட மாட்டேன்” என்றார் பெரியம்மா. பேச்சு அத்துடன் முடிந்தது.

பிறகு அக்காவும் நானும் அலமாரியை ஒழுங்குபடுத்தினோம். ஒரு காபி டப்பாவில் எண்ணெய்த் துணி சுற்றிய பித்தளைத் திருகு ஒன்று கிடைத்தது. நடுவில் ஈயம். ஒட்டிய சீட்டில் பெரியப்பாவின் கையெழுத்தில், மாற்றிய தேதி.

நெருப்பறையின் கூரையில் பொருத்துவது அது. கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். எத்தனை உயிர்களைக் காத்த சின்னஞ்சிறு பொருள்!

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதல் நீராவி ரயில் ஓடியது 1860 ஜூனில். அதே ஆண்டு நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் நம்மவர்களை ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கொண்டுவந்து இறக்கியது. கரும்பு ஆலையிலும் ரயில்வேயிலும் அவர்கள் சிந்திய வியர்வைக்குச் சாட்சியாக இந்த இயந்திரங்களைப் பார்க்கிறேன். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் நன்றாகவே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் இவை எங்கள் பிள்ளைகளின் கைபட்டு ஓட வேண்டும் என்பதே என் ஆசை.

அக்கா மகன் இனி வாரந்தோறும் சக்கரத்தைக் கையால் சுற்றி, சிலிண்டருக்கு எண்ணெய் விடுவான். கொதிகலனுக்கு அழுத்தச் சோதனை முடியும்வரை தீ மூட்டப்போவதில்லை.

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பழைய கொதிகலன் வேலை தெரிந்த பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நேரில் வந்து அழைத்துப் போகிறோம்.