நோன்புக் காலத்துப் பீர்

2025 மார்ச் 5, புதன்

இன்று சாம்பல் புதன். ஈஸ்டர் வரைக்குமான நோன்புக் காலம் தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் மியூனிக்கில் இதோடு சேர்ந்து வருவது ஸ்டார்க்பீர் பருவம், அதாவது வலுத்த பீரின் பருவம். இலையுதிர்காலத்து அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவுக்கு உலகமே இந்த ஊருக்கு வருகிறது. இதற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான். இதை "ஐந்தாவது பருவம்" என்கிறார்கள்.

வலுத்த பீருக்குப் போக் என்று பெயர், அதில் இன்னும் வலுத்தது டோப்பல்போக். ஈஸ்டர் வரை டோப்பல்போக் வகைகளை ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்து எழுதிவைக்கப் போகிறேன். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கிடையாது.

முதலில் சால்வாட்டோர். இந்த வகைக்கே மூத்தது. சாராய அளவு 7.9 சதவீதம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றி ஒரு வாய் குடித்தேன். சில்லென்ற ஓர் இனிப்பு, அவ்வளவுதான். குவளையை மேஜையில் வைத்துவிட்டுப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்து வந்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். மறுபடி வாயில் வைத்தால் அது வேறு பீர். சூடான ரொட்டியின் மேலோடு, கருப்பட்டிப் பாகு, கடைசியில் தொண்டையில் லேசான வெதுவெதுப்பு. விளக்குக்கு நேரே பிடித்தபோது புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தின் நிறம்.

மார்ச் 6, வியாழன்

கீழ்வீட்டுப் பெரியவர் முப்பது வருடத்துக்கு மேல் பீர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் பார்த்து நேற்றைய கதையைச் சொன்னேன். "பத்து டிகிரி இருக்கட்டும். நிலவறையில் வையுங்கள், பெட்டியில் வைக்காதீர்கள். குளிர் மால்ட்டின் வாயைக் கட்டிவிடும்" என்றார்.

மீதி இரண்டு பாட்டிலையும் நிலவறையில் கொண்டுபோய் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அந்தக் கருப்பட்டி வாசனை எங்கிருந்து வருகிறது? பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ் (கசப்புக்காகப் போடும் பூ), இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. சர்க்கரை இல்லை, நிறம் சேர்க்கவில்லை. பெரியவரிடமே கேட்டேன். காபி போட்டு, இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.

பார்லியை ஊறவைத்து முளைகட்டி, பிறகு சூளையில் காயவைத்தால் மால்ட். வெளிர் பீருக்கான மால்ட்டை 80, 85 டிகிரியில் முடித்துவிடுவார்கள். மியூனிக் மால்ட்டை 100 டிகிரிக்கும் சற்று மேலே கொண்டுபோவார்கள். அந்தச் சூட்டில், முளைவிட்டபோது உண்டான சர்க்கரையும் புரதத்திலிருந்து பிரிந்த அமினோ அமிலங்களும் கூடிப் புதிய மணங்களாகவும் பழுப்பு நிறமாகவும் மாறுகின்றன. மெய்யார் வினை என்பார்கள். தோசை ஓரம் முறுகுவதும், ரொட்டி மேலே சிவப்பதும் இதே வினைதான். கருக்குவது வேறு, சிவக்க வைப்பது வேறு. ஸ்டவுட் பீரில் கருக வறுத்த தானியத்தின் காபிக் கசப்பு இருக்கும். போக்கில் அது எட்டிப் பார்க்கக்கூடாது.

இரண்டாவது சிவப்பு ஊறலில் நடக்கிறது. அரைத்த மால்ட்டும் வெந்நீரும் கலந்த கூழில் கெட்டியான ஒரு பங்கை மட்டும் வேறு பாத்திரத்துக்கு எடுத்து, கொதிக்கவிட்டு, திரும்பத் தாய்ப் பாத்திரத்தில் ஊற்றுவார்கள். மொத்தக் கூழின் சூடும் ஒரு படி ஏறும். பழைய முறையில் இதை மூன்று தடவை செய்வார்கள். வெப்பமானி இல்லாத காலத்தில் சூட்டைப் படிப்படியாக ஏற்றக் கண்டுபிடித்த வழி இது. இன்று இது இல்லாமலே பீர் காய்ச்ச முடியும். விறகு, நேரம், ஆள் எல்லாம் மிச்சம். ஆனாலும் போக்கின் அடிநாதம் இந்தக் கொதியில்தான் பிறக்கிறது என்று பெரியவர் அடித்துச் சொல்கிறார். என் நாக்கும் அவர் பக்கம்தான்.

எவ்வளவு தானியம் போகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. புளிக்க வைக்கும் முன் அந்தச் சாற்றில் கரைந்திருப்பது எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். அன்றாடம் குடிக்கும் வெளிர் பீரில் 11, 12. போக் என்று பெயர் வைக்க 16 வேண்டும். டோப்பல்போக்குக்கு 18. டோப்பல் என்றால் இரட்டை, ஆனால் இரண்டு மடங்கு என்று பொருள் இல்லை. பிறகு குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட்டை இட்டு, உறைநிலைக்குச் சற்று மேலே மாதக்கணக்கில் கிடத்துகிறார்கள். இத்தனை இனிப்பும் பிசுபிசுக்காமல் வழவழப்பாக இறங்குவது அந்த நீண்ட உறக்கத்தால்.

மார்ச் 16, ஞாயிறு

ஆண்டெக்ஸ், குன்றின் மேல் ஒரு மடம். எஸ்8 ரயிலில் கடைசி நிலையமான ஹெர்ஷிங் வரை போய், அங்கிருந்து கீன்டால் பள்ளத்தாக்கு வழியே காட்டுக்குள் ஒரு மணி நேரம் ஏற்றம். மரங்களில் இன்னும் இலை வரவில்லை. பக்கத்தில் ஓடை கூடவே வந்தது. மேலே வந்ததும் கோயில் கோபுரத்தின் வெங்காயக் குமிழ் தெரிந்தது. 1455-ல் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் இங்கே தொடங்கியது. மடத்தின் ஆலை இன்றும் மடத்தின் கையில்தான் இருக்கிறது.

இங்கே காய்ச்சும் டோப்பல்போக் டுங்கெல் 7.1 சதவீதம். டுங்கெல் என்றால் கருமை. உண்மையில் கறுப்பு இல்லை, அடர்ந்த பழுப்பு. விளிம்பில் மாணிக்கச் சிவப்பு. நுரை வெண்ணெய் நிறத்தில் தடித்து நின்றது. முதலில் உலர்ந்த அத்தி, பேரீச்சை. அப்புறம் கோகோ போல ஒன்று. விழுங்கியதும் இனிப்பு நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. வறண்டு, சுத்தமாக முடிந்தது. ஹாப்ஸின் கசப்பு எங்கேயும் முன்னால் வரவில்லை, ஆனால் அதுதான் இனிப்பை வழியனுப்பிவைக்கிறது. சால்வாட்டோரை விட எனக்கு இது ஒரு படி மேலே.

தொட்டுக்கொள்ள ஓபாட்ஸ்டா, அதாவது பழுத்த பாலாடைக்கட்டியை வெண்ணெயும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசைந்தது. உப்பும் காரமும் பட்டதும் பீரின் இனிப்பு இன்னும் கூடியது. இரண்டு வாய்க்கு ஒரு கடி. குவளை காலியாக ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். இறங்கும்போது கால் இலேசாக இருந்தது.

மார்ச் 19, புதன்

புனித யோசேப்பு நாள். பெரியவர் கொல்லைப்புறத்தில் கரி மூட்டி, ஓர் இரும்புக் கம்பியைச் செந்நிறமாகப் பழுக்கவைத்தார். என் குவளையில் இருந்த போக்கில் அதைச் சில நொடிகள் அமிழ்த்தி எடுத்தார். 'ஸ்ஸ்ஸ்' என்று நுரை பொங்கி மேலே ஏறியது. கம்பியின் மேல்பட்ட சர்க்கரை நொடியில் கருகிப் பாகாகிவிடுகிறது. மேலே வெதுவெதுப்பான பஞ்சு நுரை, அடியில் பழைய குளிர்ச்சி. நுரையைத் தாண்டி பீர் உதட்டுக்கு வரும் அந்தக் கணத்துக்காக இன்னொரு தடவை கேட்டேன். கொல்லர் பட்டறைகளில் பனிக்காலத்தில் தொடங்கிய வழக்கம் என்றார். பட்டறையில் கம்பியும் நெருப்பும் கையருகே இருக்குமே.

மார்ச் 22, சனி

நோக்கர்பெர்க் குன்றின் விழா மண்டபம். கல்சாடியில் ஒரு லிட்டர் சால்வாட்டோர், பித்தளை வாத்தியம், மேஜை மேல் கைத்தட்டல். நண்பனும் நானும் ஒரு சாடியைப் பங்கு போட்டுக்கொண்டோம். கூட்டம் எனக்குப் பிடித்திருந்தது. பீரைச் சுவைக்க இது இடமில்லை. சாடிக்குள் நிறமும் தெரியாது.

ஏப்ரல் 2, புதன்

பாவோலா ஊர் பிரான்சிஸின் திருநாள். சால்வாட்டோர் பிறந்ததே இந்த நாளுக்காகத்தான். அவருடைய சபையினர் இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டையும் வருடம் முழுக்கத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டவர்கள். சால்வாட்டோரைக் காய்ச்சும் ஆலைக்கு 'பாலானர்' என்ற பெயர் வந்தது பாவோலாவிலிருந்துதான். மியூனிக்கின் ஆவ் பகுதியில் இருந்த மடத்தில் அவர்கள் பீர் காய்ச்சியதற்கு 1634-லிருந்து சான்று இருக்கிறது. நீர்ப்பொருள் நோன்பை முறிக்காது என்பது துறவிகளின் விதி. அப்படியென்றால் தானியத்தையே நீராக்கிக் குடிப்பது முறைதானே. அந்தக் காலத்துப் பீர் இன்றைவிட இனிப்பு அதிகம், சாராயம் குறைவு. குடிக்கும் ரொட்டி என்று சொன்னது சும்மா இல்லை.

மடத்தின் பீர் நன்றாக இருந்ததால் பிறரும் தங்கள் வலுத்த பீரை சால்வாட்டோர் என்றே விற்றார்கள். 1890-களில் அந்தப் பெயர் வணிகக் குறியாகப் பதிவானது. மற்றவர்கள் பெயரின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்: ஆப்டிமாட்டோர், ட்ரியும்ஃபாட்டோர், மாக்சிமாட்டோர், செலெப்ராட்டோர். இன்றும் பாட்டிலில் 'ஆட்டோர்' என்று முடிந்தால் உள்ளே டோப்பல்போக் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

ஏப்ரல் 12, சனி

செலெப்ராட்டோர். மியூனிக்குக்கு வெளியே ஐயிங் கிராமத்தில் காய்ச்சுகிறார்கள். 6.7 சதவீதம்தான், ஆனால் இதுவரை குடித்ததில் நிறம் இதுதான் அடர்த்தி. பாட்டில் கழுத்தில் ஒரு வெள்ளை ஆட்டுக்கிடாய் பொம்மை தொங்குகிறது.

ஆடு எப்படி வந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. வடக்கே ஐன்பெக் என்று ஓர் ஊர். இடைக்காலத்தில் ஹன்சா என்ற வணிக நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்கள் அதன் பீரை வெகுதூரம் கொண்டுபோய் விற்றார்கள். பவேரியக் கோமகன் அதற்குப் பணம் கொடுத்துக் களைத்து, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐன்பெக் வழிவந்த ஒரு காய்ச்சுபவரை மியூனிக் அரண்மனை ஆலைக்கே வரவழைத்தார். தெற்கத்தி வாயில் ஐன்பெக் திரிந்து 'ஐன் போக்' ஆனது. ஐன் போக் என்றால் ஜெர்மனில் 'ஒரு கிடாய்'. கோயம்புத்தூர் கோவை ஆனது போல ஒரு மரூஉ. இங்கே மருவிய சொல்லுக்குக் கொம்பும் முளைத்துவிட்டது.

சுவை: உலர்ந்த திராட்சை. கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் காபி. ஆனால் காபி கசக்கவில்லை. வாயில் பட்டு போல இருக்கிறது. காலியான குவளையை இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்தேன், அப்போதும் ரொட்டி வாசனை.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். நிலவறையில் ஒரு ஆண்டெக்ஸ் மிச்சம் இருந்தது. பெரியவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். சிறிய கண்ணாடியில் ஆளுக்குப் பாதி ஊற்றினார். ஊற்றியதும் யாரும் தொடவில்லை. அவருடைய மனைவி ரொட்டியைத் துண்டு போட்டு முடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.