வன்னியில சம்மட்டி அடிக்கிற வேலை

சீஸ்மிக் சர்வே எண்டு சொன்னா ஆக்கள் கடலில எண்ணெய் தேடுற கப்பல், வெடி வைக்கிறது எண்டு பெரிசா எதையோ நினைப்பினம். நாங்க வன்னிக்குள்ள செய்யிறது உதில்ல. ஒரு 8 கிலோ சம்மட்டி, ஒரு இரும்புத் தட்டு, நில அதிர்வைப் பிடிக்கிற சின்னக் கருவி 24 (ஜியோபோன் எண்டுறது), நீளக் கேபிள், கார் பற்றரி, ஒரு லாப்டொப். தட்டை நிலத்தில வைச்சு அடிக்கிறது, அதிர்வு எந்த ஜியோபோனுக்கு எத்தினை மில்லிசெக்கனில போய்ச் சேருது எண்டு பாக்கிறது. பாலமோ குளக்கட்டோ பள்ளிக்கூடக் கட்டடமோ, கல்லு எத்தினை மீட்டரில கிடக்கு எண்டு தெரியாமல் ஒண்டும் கட்டேலாது, நாலு இடத்தில துளை போட்டா அந்த நாலு இடம் மட்டும்தான் தெரியும், இடையில என்ன எண்டு காட்டத்தான் எங்களைக் கூப்பிடுறவை.

கிட்ட இருக்கிற ஜியோபோனுக்கு அலை மேல் மண்ணாலயே நேரா போகும். தூரத்தில இருக்கிறதுக்கு, கீழ இறங்கி வேகமான லேயரில ஓடி திரும்ப ஏறி வாற அலைதான் முந்தி வரும், ஊர் ரோட்டால போறவனை விட சுத்தி ஏ9 ஏறி வாறவன் முந்துற மாதிரி. எந்தத் தூரத்தில ஆர் முந்தினது எண்டதை வைச்சு ஆழத்தைக் கணக்குப் பாக்கலாம். காஞ்ச மண்ணில அலை செக்கனுக்கு 300, 400 மீட்டர் போகும், உக்கல் கல்லில 1500, 2000 க்கு மேல, உக்காத கருங்கல்லில 5000 அளவு. வன்னியின்ர கனக்க இடத்தில அடியில கிடக்கிறது அந்தக் கருங்கல்லுதான், நைஸ், சார்னொகைற் எண்டு கோடிக்கணக்கான வருசம் பழைய பாறை, புவியியல் படத்திலயே ஒரு பாறைத் தொகுதிக்கு வன்னித் தொகுதி எண்டுதான் பேர். பூநகரி, மன்னார்ப் பக்கம் போனா அது மாறி, யாழ்ப்பாணத்தில இருக்கிற அதே சுண்ணாம்புக்கல்லு வந்திடும்.

கணக்கு லேசு, ஆனா லாப்டொப் தாறது வேகம் மட்டும்தான், அந்த வேகம் என்ன சாமான் எண்டு அது சொல்லாது. தண்ணி ஊறின மண்ணிலயும் அலை 1500 அளவில ஓடும், மெத்தையான உக்கல் கல்லிலயும் ஏறக்குறைய அவ்வளவுதான். மாரி முடிஞ்ச கையோட ஒரு குளத்துக்குக் கீழ லைன் போட்டா 3 மீட்டரில 1600 வருது, கல்லோ தண்ணியோ? உடன பக்கத்து வளவுக் கிணத்தை எட்டிப் பாக்கிறதுதான், கயிறு விட்டு தண்ணி மட்டத்தை அளந்தா பாதிக் குழப்பம் தீரும். மிச்சத்தை கிணறு வெட்டினவரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டா சொல்லுவார், "மேல செம்மண், பிறகு கிறவல், ஆறு முழத்துக்குக் கீழ அலவாங்கு இறங்காது தம்பி" எண்டு. அந்த ஒரு வசனம் எனக்கு துளை போட்டு எடுக்கிற ஒரு போர்ஹோல் றிப்போட்டுக்குச் சமம்.

இரைச்சல்தான் அடுத்த தலையிடி. ஆடி ஆவணியில சோளகம் அடிக்கேக்க மரம் ஆடுறது வேரால இறங்கி ஜியோபோனுக்கு வரும், அங்கால ஒரு வாட்டர் பம்ப், ஒரு லாண்ட்மாஸ்டர், ரோட்டால ஒரு டிப்பர். ஒரே இடத்தில திரும்பத் திரும்ப அடிச்சுக் கூட்டினா சத்தம் குறையும், ஆனா 4 தரம் அடிச்சாத்தான் ரெண்டு மடங்கு தெளிவு, 16 தரம் அடிச்சா நாலு மடங்கு, தோள்மூட்டு கழண்டிடும். அதால விடியக் காத்து எழும்ப முன்னம் முடிக்கப் பாப்பம்.

வேற நாடுகளில இதுக்குச் சின்ன வெடியும் வைப்பினம். வன்னியில அதைக் கேக்கிறதே பிழை எண்டுதான் நான் நினைக்கிறன். சம்மட்டிச் சத்தத்துக்கே திரும்பிப் பாக்கிற சனம், அதால அடிக்க முன்னம் சுத்தி இருக்கிற வீடுகளுக்குப் போய்ச் சொல்லிப்போட்டுத்தான் தொடங்குவம். ஜியோபோனின்ர அடியில ஒரு ஊசி இருக்கு, அதை மண்ணுக்குள்ள குத்தி அமத்தவேணும், கண்ணிவெடி எடுத்து முடிச்ச நிலம் எண்டு கடுதாசி இல்லாத இடத்தில ஒரு ஊசியும் குத்தமாட்டம். பிறகு கேபிளை விரிச்சவுடன எங்கயும் வாற கேள்வி, "புதையலே தேடுறியள்?" சிரிச்சிட்டுச் சொல்லுவம், பாதிப்பேர் நம்பமாட்டினம், பொலிஸும் சிலநேரம் நம்பாது.

நான் எழுத வெளிக்கிட்டது இனித்தான். புத்தகத்தில முதலாவது லேயரை மேல் மண் எண்டு ஒரு சொல்லில சொல்லிட்டுப் போயிடுவினம். வன்னியில அந்த முதல் ரெண்டு மீட்டர்தான் எனக்குக் கரைச்சல் தாற ரெண்டு மீட்டர், ஏனெண்டா அது இயற்கையாப் படிஞ்ச மண் எண்டு ஒரு இடத்திலயும் நம்பேலாது. நாச்சிக்குடாவில இருந்து அக்கராயன் பக்கம் 2008 இல சண்டை நடக்கேக்க எவ்வளவு நீளத்துக்கு அகழி வெட்டி மண் அணை போட்டது, இப்ப வயலும் வளவுமா இருக்கு, மேல பாத்தா ஒண்டும் தெரியாது. அதைவிடப் பங்கர், ஷெல்லுக்கு ஒளிக்க வெட்டின குழி. அந்த நேரம் பங்கர் வெட்டாத வளவு எங்க இருந்தது?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வளவில மாடிக் கட்டடம் ஒண்டுக்கு லைன் போட்டம். அடுத்தடுத்து இருந்த ரெண்டு ஜியோபோனில மட்டும் அலை 3 மில்லிசெக்கன் பிந்தி வந்தது. லைனின்ர இந்தத் தலையில அடிச்சாலும் பிந்துது, அங்கால தலையில அடிச்சாலும் அதே ரெண்டும் பிந்துது, அப்ப பிரச்சினை தூரத்தில இல்ல, அந்த ரெண்டுக்கும் நேர கீழ. 2 மீட்டர் மண்ணை 400 வேகத்தில கடக்க 5 மில்லிசெக்கன், 250 வேகத்தில 8, அந்த மூண்டுதான் இந்த மூண்டு, அதாவது அந்த இடத்தில மட்டும் மண் லூஸ். கூட வந்த பெடியன் ஜியோபோன் சரியா குத்துப்படேல்ல எண்டான், கழட்டித் திரும்பக் குத்தினம், மாறேல்ல. வளவுக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டன். "உதிலதானே மோனை எங்கட பங்கர் இருந்தது, மேல பனங்குத்தி அடுக்கி மண் மூட்டை போட்டது, திரும்பி வந்தாப்பிறகு அப்பிடியே மூடிவிட்டம்." குத்தியை எடுத்தனீங்களோ எண்டு கேட்டன். "கொஞ்சம் எடுத்தம், கொஞ்சம் உள்ள."

அந்தக் "கொஞ்சம் உள்ள" எண்டதுதான் இஞ்சினியருக்குத் தேவையான விசயம். லூஸ் மண் எண்டா இறுக்கலாம், ஆனா உக்கிற பனங்குத்திக்கு மேல அத்திவாரம் போட்டா இண்டைக்கு ஒண்டும் நடக்காது, பிறகு ஒருநாள் உள்ளுக்க பொந்து விழுந்து கட்டடத்தின்ர ஒரு மூலை மட்டும் இறங்கும், சுவர் வெடிக்கும். கிண்டி எடுத்து நல்ல கிறவல் போட்டு லேயர் லேயரா இறுக்கச் சொல்லி எழுதினன். 3 மில்லிசெக்கனை வைச்சு மட்டும் அதை எழுதியிருக்க ஏலாது.

றிப்போட்டைப் பாத்த ஒரு மேலாள், வளவுக்காரர் சொன்னதெல்லாம் எதுக்கு, டேற்றாவை மட்டும் போடும் எண்டார். எனக்கு அது சரியாப் படேல்ல. போர்ஹோல் போட்ட கொம்பனி சொன்னா டேற்றா, பங்கர் வெட்டினவ சொன்னா கதை எண்டு பிரிக்கிறது என்ன நியாயம், வெட்டினது அவ, மூடினதும் அவ. நான் எடுக்கேல்ல, அப்பிடியேதான் போனது. இப்ப கேபிள் விரிக்க முன்னமே கேட்டுடுவன்: கிணறு தூர்ந்தது இருக்கோ, பங்கர் எங்க, மண் அள்ளினதோ கொட்டினதோ. படத்தில அந்த இடங்களை முதலே குறிச்சு, லைன் அதுக்கு மேலால ஒருக்காவெண்டாலும் போறமாதிரி இழுப்பன்.

அடுத்த வேலை முழங்காவில் பக்கம், அங்க இது பத்தாது. மேல கெட்டியும் கீழ மெத்தையுமா இருந்தா இந்த முறைக்கு கீழ் லேயர் தெரியவே தெரியாது, வேகம் குறைஞ்ச லேயரில இறங்கின அலை மேல மடங்கி வராது. மேற்பரப்பில உருண்டு போற அலையைப் பிடிக்கிற மற்ற முறையைத்தான் செய்யவேணும், அதுக்கு மெதுவான அதிர்வையும் பிடிக்கிற 4.5 ஹேட்ஸ் ஜியோபோன் வேணும், எங்களிட்ட இருக்கிறது 14. கொழும்பில ஒருத்தரிட்ட இரவல் கேட்டிருக்கிறம்.