சைக்கிள் காற்றாடி: இதழைவிட அச்சுதான் முக்கியம்

திருவிழாக் கடையில் வாங்கி ஹேண்டில்பாரில் செருகிய காற்றாடி பெரும்பாலும் தெருமுனை தாண்டுவதற்குள் நின்றுவிடும். பார்த்தவுடன் இதழைத்தான் குறை சொல்வோம். கழற்றிப் பார்த்தால் இதழில் ஒரு கோளாறும் இருக்காது. குச்சியில் அடித்த குண்டூசி வளைந்திருக்கும், அல்லது நடுத்துளை கிழிந்து ஊசித் தலையோடு உரசிக்கொண்டிருக்கும். கையில் பிடித்து ஓடுகிற குழந்தைக்கு அந்த ஊசி போதும். குலுங்கிக்கொண்டே ஓடும் வண்டிக்குப் போதாது. ஆகவே, வண்டிக் காற்றாடி செய்ய நினைப்பவர்கள் நேரத்தில் முக்கால் பங்கை அச்சுக்கே கொடுங்கள்.

அச்சுக்கு நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில் சிறந்தது ஸ்போக்ஸ் கம்பிதான். கோட்டம் எடுக்கும்போது கழற்றிப் போட்ட கம்பிகள் எந்த சைக்கிள் கடையிலும் கிடக்கும். பொதுவாக 2 மி.மீ. தடிமன், ஒரு முனையில் மரை, அந்த மரையில் முறுக்கிப் பூட்டும் குழல் மாதிரியான சின்ன நட்டு, அதாவது நிப்பிள். இந்த மரை முனைதான் நமக்கு வேண்டியது. முன்பக்கம் காற்றாடி கழன்று ஓடாமல் பிடிக்கும் பூட்டாக அந்த நிப்பிளே வேலை செய்யும். கம்பி 25 செ.மீ. நீளமாவது இருக்கட்டும். வளைந்த கொண்டை முனையை கட்டிங் பிளேயரால் வெட்டி விடுங்கள். மரைப் பக்கத்தில் கை வைக்க வேண்டாம். கம்பியின் நடுப்பகுதி துருப்பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். மரை துருப்பிடித்திருந்தால் வேறு கம்பி எடுங்கள்.

அச்சு கம்பி என்றால், அதன்மேல் ஓடும் குழல் எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். எல்லா ரீஃபிலும் 2 மி.மீ. கம்பிக்கு ஒத்து வராது. சிலது இறுகும். ஜெல் பேனா ரீஃபில் லொடலொடவென்று ஆடும். நான்கைந்தை எடுத்துக் கம்பியில் கோத்து, கம்பியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். தானாக வழுக்கி விழ வேண்டும். விழும்போது பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் மயிரிழைதான் அசைய வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், அதே நீளத்தில் இன்னும் மெல்லிய கம்பியை எடுத்து அதற்கு ரீஃபில் தேடுங்கள். ரீஃபிலுக்குள் மை ஒட்டியிருந்தால் சுற்றாது. ஸ்பிரிட்டில் நனைத்த நூலை உள்ளே இழுத்துத் துடைக்க வேண்டும்.

இதழுக்குப் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டை நல்லது. வளைத்தால் வெள்ளைக் கோடு விழாமல் திரும்பி நிமிர்கிற மெல்லிய ரகம் வேண்டும். சார்ட் பேப்பர் முதல் தூறலோடு போய்விடும். குளிர்பான பாட்டிலில் வெட்டியதும் சுற்றும். ஆனால் பாட்டிலுக்கென்று ஒரு வளைவு உண்டு, நான்கு இதழும் ஒரே மாதிரி வராது. வெட்டிய ஓரமும் கையை அறுக்கும்.

அளவு 10 செ.மீ. சதுரம். சின்னதாகத் தெரியும், ஆனால் சுற்றும்போது நான்கு மூலைகளும் வெளியே நீட்டி நிற்பதால் வட்டத்தின் குறுக்களவு 14 செ.மீ. ஆகிவிடும். சதுரத்தின் அளவைக் கொண்டு இடம் ஒதுக்கிவிட்டு, மாட்டிய பிறகு பிரேக் ஒயரில் இதழ் அடிக்கிறது என்று திணறுவது இந்தக் கணக்கைப் பார்க்காததால்தான். மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டு, ஒவ்வொரு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி 5.5 செ.மீ. வெட்டுங்கள். நடுவில் எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. வெட்டாமல் நிற்கும். வெட்டு அதற்குமேல் உள்ளே போனால் அங்கிருந்து கிழிய ஆரம்பிக்கும். வெட்டு முடிகிற இடத்தில் ஊதுபத்தி நெருப்பால் ஒரு பொட்டுத் துளை வைத்துவிட்டால் கிழிசல் அதைத் தாண்டாது.

நடுத்துளைக்கும் மூலைத்துளைகளுக்கும் அதே ஊதுபத்திதான். ஆணியால் குத்தினால் பிளாஸ்டிக் விரிந்து நாளடைவில் கீறல் விடும். நெருப்பால் சுட்டால் துளையைச் சுற்றி உருகிய விளிம்பு தடித்து நிற்கும், அதுவே துளைக்குக் காப்பு. புகையை முகர வேண்டாம், மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள். மூலைத்துளை நுனியிலிருந்து 7 மி.மீ. உள்ளே இருக்கட்டும். வெளியே நீட்டி நிற்கப்போகும் நான்கு கூர் நுனிகளையும் நகவெட்டியால் உருட்டி விடுங்கள். பிள்ளைகளின் கண் மட்டத்தில் சுற்றப்போகும் பொருள் இது.

எந்த மூலையை மடக்குவது? வெட்டிய பிறகு நான்கு முக்கோணம் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூலை. முக்கோணத்தின் அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, வலது மூலையை உங்கள் பக்கமாக நடுவுக்குக் கொண்டு வாருங்கள். தாளைத் திருப்பித் திருப்பி நான்குக்கும் அதே வலது மூலை. இப்படி மடக்கினால், முன்னால் நின்று பார்ப்பவருக்குக் காற்றாடி கடிகாரச் சுற்றில் சுற்றும். இடது மூலையை மடக்கினாலும் சுற்றத்தான் செய்யும், ஆனால் எதிர்ச்சுற்றில். அது ஏன் கூடாது என்றால், நிப்பிளின் மரை வலச்சுற்றில் இறுகும், இடச்சுற்றில் கழலும். எதிர்ச்சுற்றில் ஓடும் காற்றாடி நிப்பிளை உரசி உரசி மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். ஒரு நாள் காற்றாடியே இருக்காது. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றினால் அழகு என்று நினைப்பவர்கள், எதிர்ச்சுற்றுக் காற்றாடியின் மரையில் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டு நிப்பிளை முறுக்கிக் காய விடுங்கள். வலச்சுற்றுக்கும் அது நல்லதே.

மடக்கிய மூலைகளும் நடுத்தாளும் சேர்ந்து ஐந்து அடுக்கு. பின்தாளுக்கும் முன்னால் வந்த மூலைகளுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி நிற்க வேண்டும். ரீஃபிலை 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, தண்ணீர் பாட்டில் மூடியின் தட்டைப் பகுதியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக இரண்டு வில்லை வெட்டி, பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று கோத்துக்கொள்ளுங்கள். ஃபைல் அட்டையில் பசை நிற்காது. எந்தப் பசையானாலும் காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும். அதனால் பசையே வேண்டாம். ரீஃபிலின் இரு முனையையும், சுட வைத்த எவர்சில்வர் கரண்டியின் அடியில் நொடி நேரம் அழுத்தி எடுங்கள். முனை விரிந்து தலையடித்த ஆணி போல வில்லையைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தும்போது ரீஃபிலுக்குள் கம்பி இருக்கட்டும், இல்லாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். ஐந்து அடுக்கும் ரீஃபிலோடு ஒன்றாகச் சுற்ற வேண்டும். ரீஃபில் மட்டும் நின்று இதழ் அதன்மேல் சுற்றினால், வில்லை இறுகவில்லை என்று பொருள். அப்படி ஓட விட்டால் இதழின் துளைகள் ஒரே வாரத்தில் நீள்வட்டமாகிவிடும்.

இனிக் கம்பியில் கோக்கும் வரிசை. ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து: தடை, மணி, காற்றாடி, மணி, நிப்பிள். தடைக்கு வால்டியூப், அதாவது சைக்கிள் டியூபின் காற்றடைக்கும் வாயில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழல், ஒரு செ.மீ. துண்டு. கம்பியில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் ஏற்றினால் நகராது. இதில் பின்பக்க மணியைக் கவனியுங்கள். வண்டி ஓடும்போது காற்று காற்றாடியைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தத் தள்ளு முழுவதும் இந்த ஒரு மணியின் மேல்தான். அதனால் பின்னால் வழவழப்பான கண்ணாடி மணி, முடிந்தால் இரண்டு. முன்மணி பிளாஸ்டிக்காக இருந்தாலும் பரவாயில்லை. நிப்பிளை முறுக்கி முடித்ததும் காற்றாடிக்கு முன்னும் பின்னும் நகர 2 மி.மீ. இடம் இருக்க வேண்டும். நெருக்கிப் பூட்டினால் வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து பிடித்துக்கொள்ளும். மிகவும் தளர விட்டால் மேடுபள்ளத்தில் டக்டக்கென்று அடித்து மணி உடையும்.

நிப்பிளோடு கம்பி முனை முன்னோக்கி நீட்டி நிற்கிறது. இதை அப்படியே விடவே கூடாது. சைக்கிள் சாய்ந்தாலும், எதிரே ஒரு பிள்ளை வந்து மோதினாலும் அது குத்தும் முனை. இறகு உதிர்ந்த ஷட்டில் காக்கின் கார்க்கை நிப்பிளின் மேல் அழுத்திச் செருகிவிடுங்கள். எடையில்லாதது, மழுங்கலானது, பார்வைக்கும் மூக்கு வைத்த மாதிரி அழகாக இருக்கும். கார்க் காற்றாடியைத் தொடாமல் முன்மணிக்கு அப்பால் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கம்பியை இரண்டு இடத்தில் மடக்க வேண்டும். முதல் 8 செ.மீ. ஹேண்டில்பாரோடு ஒட்டிப் படுத்திருக்கும், அடுத்த 9 செ.மீ. நேர் மேலே எழும், மீதி 6 முதல் 8 செ.மீ. முன்னோக்கித் திரும்பும். மேலே 9 செ.மீ. எழுப்புவது எதற்கு என்றால், இதழ் வட்டத்தின் பாதி 7 செ.மீ., அதற்குக் கீழே விரலுக்கும் பிரேக் ஒயருக்கும் 2 செ.மீ. விடுபட வேண்டும். ஸ்போக்ஸ் கம்பி விறைப்பானது, சுத்தியலால் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே விண்டுவிடும். ஒரு போல்ட்டின் உடம்பில் வைத்து வளையுங்கள். மடக்கும் வேலையை முதலில் முடித்துவிட்டுக் காற்றாடியைக் கோப்பதே வசதி.

ஹேண்டில்பார் குழாய் பொதுவாக 22 மி.மீ. பழைய டியூபில் 2 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டிக் குழாயில் இழுத்துச் சுற்றி, அதன்மேல் கம்பியைப் படுக்க வைத்து இரண்டு கேபிள் டை போடுங்கள். இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ. தூரம் வேண்டும். ரப்பர் இல்லாமல் வெறும் குழாயில் கட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. காற்று தள்ளித் தள்ளிக் காற்றாடி பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்க்கும். டையின் மீந்த வாலை ஒட்ட வெட்டுங்கள், அரை செ.மீ. விட்டாலும் கையைக் கீறும்.

இடம் தேர்ந்தெடுப்பதும் பாதி வேலை. மிதிப்பவரின் நெஞ்சுக்கு நேராக, ஹேண்டில்பாரின் நடுவில் வைப்பதே வழக்கம். ஆனால் கூடை நிறையப் பையும் டிபன் கேரியரும் இருந்தால் அங்கே காற்று வராது. பள்ளியில் 11ஆம் வகுப்புக்குக் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியில் முன்கூடை இருப்பதால் இந்தப் பிரச்சினை வரும். கூடை விளிம்புக்கு மேல் முழு வட்டமும் தெரிய வேண்டும், அல்லது கைப்பிடி பக்கம் தள்ளி வைக்க வேண்டும். பின் கேரியரில் நடுவே வைத்தால் சுற்றுவதே அரிது. ஆளின் உடம்பு காற்றை அடைத்துவிடும், சுழிக் காற்றில் அது இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று தள்ளாடும். முன் மட்கார்டு நுனியில் காற்று நன்றாகக் கிடைக்கும். ஆனால் சேறும் அங்கேதான், கழன்றால் சக்கரக் கம்பிக்குள் போவதும் அங்கிருந்துதான். அந்த இடம் வேண்டவே வேண்டாம்.

சாலைக்குக் கொண்டுபோகும் முன் டேபிள் ஃபேன் முன்னால் பிடித்துப் பாருங்கள். மிகக் குறைந்த வேகத்தில் வைத்து இரண்டடி தள்ளி நின்றால், கையால் தொடாமலே சுற்றத் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் உராய்வு. ஃபேனை அணைத்ததும் எந்த இதழ் கீழே வந்து நிற்கிறது என்று பாருங்கள். நாலைந்து முறையும் ஒரே இதழ் கீழே வந்தால் அது கனம். எதிர் இதழின் நுனியில் சின்னதாக செல்லோ டேப் ஒட்டி ஒட்டிச் சமன் செய்யுங்கள். எந்த இதழும் எங்கும் நிற்கிற நிலை வந்தால் போதும். சமன் இல்லாத காற்றாடி மெதுவாகப் போகும்போது தெரியாது, இறக்கத்தில் கம்பியோடு சேர்ந்து அதிரும். அந்த அதிர்வு கைப்பிடி வரை வரும்.

எண்ணெய் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவானாலும் முதல் நாள் பிரமாதமாகச் சுற்றும், பிறகு புழுதியைப் பிடித்துக் குழம்பாக்கி அச்சையே நிறுத்திவிடும். மெழுகுவர்த்தியைக் கம்பியில் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டாலே போதும். பென்சில் தூளும் நல்லது. கீச்சென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் பின்மணிக்கும் வில்லைக்கும் இடையே மணல் புகுந்திருக்கும். கழற்றித் துடைத்தால் தீரும்.

வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடக்கிய மூலைகளில் தாளின் பின்பக்கம்தான் முன்னால் தெரியும், ஆகவே இரண்டு பக்கமும் நிறம் வேண்டும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், அச்சு நன்றாக இருந்து இதழ் நுனி காற்றின் வேகத்தை எட்டினால், இந்த 14 செ.மீ. வட்டம் நொடிக்கு ஒன்பது சுற்றுப் போடும். இதழுக்கு ஒரு நிறம் என்று தீட்டியதெல்லாம் கலங்கி மங்கிய ஒரே நிறமாகிவிடும். மையத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தீட்டுங்கள். எவ்வளவு வேகத்திலும் வளையங்கள் கலையாது.

ஓலைக் காற்றாடியைக் கட்டலாமா என்றால், தாராளமாக. பச்சைப் பனையோலையும் கருவேல முள்ளும் கொண்டு செய்தது ஓடுகிற பிள்ளையின் கையில் எவ்வளவு நன்றாகச் சுற்றுமோ, சைக்கிளிலும் அன்று முழுக்கச் சுற்றும். மறுநாள் ஓலை காய்ந்து இதழின் முறுக்கு மாறிவிடும். புதிதாக ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான்.

பைக்கிலும் ஸ்கூட்டரிலும் இதையே மாட்டாதீர்கள். 15 கி.மீ. வேகத்தில் இந்தக் காற்றாடியின் மேல் விழும் தள்ளு ஏறத்தாழ 16 கிராம் எடைக்குச் சமம். வேகம் மூன்று மடங்காகி 45 ஆனால் தள்ளு ஒன்பது மடங்கு, 150 கிராமுக்கு அருகில். இதழைப் பிய்த்தெறியும் விசையும் அதே கணக்கில் ஏறும். பிய்ந்த துண்டு பின்னால் வருபவரின் முகத்துக்கே போகும். மோட்டார் வண்டிக்குத்தான் வேண்டும் என்றால் 5 செ.மீ. சதுரத்துக்கு மேல் போகாதீர்கள். முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூன்றையும் மறைக்காத இடமாகப் பாருங்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது மட்டும் மாட்டி, நெடுஞ்சாலைக்குப் போகும்முன் கழற்றிவிடுங்கள்.

சைக்கிள் காற்றாடியில் முதலில் போவது இதழ். வெயிலில் நிறுத்தும் வண்டியென்றால் ஃபைல் அட்டை சில மாதங்களில் நொறுங்கத் தொடங்கும். மடிப்பை விரலால் அழுத்தினால் சொடக்கென்று சத்தம் கேட்கிறதா, அன்றே மாற்றிவிடுங்கள். கம்பியும் மணியும் நிப்பிளும் அப்படியே இருக்கட்டும். ரீஃபிலின் ஒரு முனையைப் பிளேடால் சீவினால் பழைய இதழ் உருவிக்கொண்டு வரும்.