பேரூராட்சி வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றேன்

2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் பேரூராட்சியின் ஒரு வார்டுக்கு நான் சுயேச்சையாகப் போட்டியிட்டேன். ஜெயிக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கணும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அடுத்த தடவை நிற்க நினைக்கிற பெண்கள் யாருக்காவது உதவும்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. மாடியில் நின்றால் ஆறு தெரியும். ஆற்று மணலுக்குள் இருக்கிற உறை கிணறுகளிலிருந்து எங்கெங்கோ தண்ணீர் போகிறது. எங்கள் தெருவுக்கு நாலு நாளுக்கு ஒருமுறை. அதுவும் தெருவின் கடைசியில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் குழாயில் ஏறாது. அங்கே வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி வைத்திருப்பார்கள். குழிக்குள் ஒரு ஆள் இறங்கிக் குத்தவைத்து, செம்பால் மோந்து மேலே நிற்கிறவரிடம் கொடுக்கணும். மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீரும் அதே குழியில்தான் இறங்கும்.

2011 அக்டோபரில் ஓட்டுப் போட்டதற்கு அப்புறம் எங்களுக்கு உள்ளாட்சித் தேர்தலே வரவில்லை. 2016இல் உறுப்பினர்களின் காலம் முடிந்ததும் தனி அலுவலர் பொறுப்புக்குப் போய்விட்டது. ஐந்து வருஷத்துக்கு மேல், தண்ணீர் வரவில்லை என்று போய்ச் சொல்ல வார்டில் ஒரு ஆள் இல்லை. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு என்று தெரிந்த அன்றைக்கே, தையல் மிஷினில் உட்கார்ந்தபடி, நிற்கலாம் என்று முடிவு பண்ணினேன். வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தோத்தா அழுவியா?" மாட்டேன் என்றேன்.

ஜனவரி 26 அன்று தேர்தல் அறிவிப்பு, 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத்தாக்கல். மொத்தமே ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் என் உயிரை எடுத்தது வரி பாக்கி இல்லை என்கிற சான்று. எங்கள் வீட்டு வரி இன்னும் மாமனார் பேரில்தான் இருந்தது. அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. "ரசீதுல உள்ள பேரு வேற, மனுவுல உள்ள பேரு வேற, நான் எப்படிம்மா எழுதிக் குடுக்க முடியும்?" என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அத்தை டிரங்குப் பெட்டியை முழுக்கக் கவிழ்த்து வாரிசுச் சான்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். குடிநீர்க் கட்டணத்தில் எங்களுக்கே தெரியாமல் இரண்டு தவணை பாக்கி நின்றது. அதைக் கட்டி, இரண்டு நாள் வாசலில் காத்துக் கிடந்து வாங்கினேன்.

மற்றதெல்லாம் இந்த அளவுக்குக் கஷ்டமில்லை. டெபாசிட் 1,000 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 500. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் எழுதி உறுதிமொழிப் பத்திரம். வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் மூன்று தடவை சரிபார்த்தேன். முன்மொழிகிறவர் அதே வார்டு ஓட்டராக இருக்கணும். எதிர்வீட்டு மைனி கையெழுத்துப் போட்டார்கள். அன்று ராத்திரியே அவர்கள் வீட்டுக்கு ஆள் வந்து, எதுக்கு வம்பு என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். மைனி என்னிடம் அதைச் சொன்னதே தேர்தல் முடிந்த பிறகுதான். அந்தக் கையெழுத்துக்கு நான் எப்பவும் கடன்பட்டிருக்கிறேன்.

5ஆம் தேதி பரிசீலனை முடிந்தது. 7ஆம் தேதி வரை வாபஸ் வாங்கலாம் என்பதால் நடுவில் இருக்கிற நாள்தான் சோதனை. எங்கள் சொந்தத்தில் மூத்தவர் ஒருவர் வந்து, "எம்மா, கட்சிக்காரன் நின்னாத்தான் ஊருக்கு நிதி வரும். நீ தனியா நின்னு என்னத்தச் செய்ய?" என்றார். காப்பி கொடுத்து, "மாமா, பேரூராட்சிக்கு வீட்டு வரி வருது, நிதிக்குழு மானியம் வருது. அது எந்தத் தெருவுக்குச் செலவாகுதுன்னு மன்றத்துல கேக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றேன். வாபஸ் வாங்கவில்லை. பூட்டு சாவி சின்னம் கிடைத்தது.

என்ன பேசி ஓட்டுக் கேட்பது என்பதைத்தான் நிறைய யோசித்தேன். ஒரு வார்டு உறுப்பினரால் தனியாக எதையும் கட்ட முடியாது. மன்றத்தில் தீர்மானம் வரணும், செயல் அலுவலர் அதை நிறைவேற்றணும். அதனால் நோட்டீஸில் இரண்டு பகுதியாக அச்சடித்தேன். என்னால் முடிந்தது: தெருக்கடைசிக்குத் தனி வால்வு போடக் கேட்பேன், தண்ணீர் திறக்கிற நாளையும் நேரத்தையும் தெருவில் எழுதிப்போட வைப்பேன், மன்றக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று மாதம் ஒருநாள் பிள்ளையார் கோயில் வாசலில் உட்கார்ந்து சொல்வேன். என்னால் முடியாதது: வேலை வாங்கித் தர முடியாது, பட்டா வாங்கித் தர முடியாது, ஆற்றில் சாக்கடை கலப்பதைத் தனியாக நிறுத்த முடியாது, அதற்கு ஊர் முழுக்கச் சேரணும். பிரஸ்காரர் வாசித்துவிட்டு, "முடியாததை யாரும்மா காசு குடுத்து அடிப்பாங்க?" என்றார். அடித்துக் கொடுங்கள் அண்ணாச்சி என்றேன்.

கொரோனாக் கட்டுப்பாடு இருந்த நேரம், கூட்டமாகப் போக முடியாது. அது எனக்கு வசதியாகத்தான் போயிற்று. நான், மைனி, என் மகள், மூன்று பேர் ஒரு நோட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினோம். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா, மடியில் சுளகு, கை நிற்காமல் இலையைச் சுருட்டிக்கொண்டே பேசினார்கள். "தண்ணி வர்ற அன்னைக்கு ஐநூறு பீடி குறையும்ளா எனக்கு. குழிக்குள்ள எறங்கி ஏறவே மதியம் ஆயிருது. அந்தக் காச யாரு தருவா?" தண்ணீர்ப் பிரச்சினை கூலிப் பிரச்சினையும்தான் என்று அதுவரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் போகாததற்கு முக்கியக் காரணம் எல்லாருக்கும் தெரியும். தெரு முகப்பில் இருக்கிற வீடுகளில் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். அதில் என் சித்தப்பா வீடும் ஒன்று. அந்த வாசலில் நின்று, "சித்தப்பா, நான் வந்தா மோட்டாரை எடுக்கச் சொல்லித்தான் மொதல்ல பேசுவேன்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். சித்தி மட்டும் திருநீறு பூசி அனுப்பினார்கள். அந்த வரிசை வீடுகளில் எனக்கு ஓட்டு குறைந்திருக்கும். மோட்டார் விஷயத்தைச் சொல்லாமல் கடைசி வீட்டில் போய்த் தண்ணீர் தருவேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

17ஆம் தேதி மாலை பிரச்சாரம் முடிந்தது. மறுநாள் ராத்திரி தெருவில் கவர் கொடுத்தார்கள். நானே பார்த்தேன். வாங்கினவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கொடுத்தவர்கள்மேல் இன்றைக்கும் இருக்கிறது. 19ஆம் தேதி வாக்குப்பதிவு, 22ஆம் தேதி எண்ணிக்கை. இரண்டாம் இடம், 61 ஓட்டு வித்தியாசம். வீட்டுக்காரரிடம் சொன்னபடி அழவில்லை. ஆனால் கடைசி வீட்டுப் பெரியம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வரிசை பூரா ஒனக்குத்தான் போட்டோம்ளா" என்றபோது தாங்க முடியவில்லை.

முடிந்தது என்று யாரும் நோட்டை மூடிவிட வேண்டாம். தோற்றவர்களும் முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுத்தாகணும். கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. பேரூராட்சி வார்டுக்கு உச்சவரம்பு 17,000 ரூபாய். எனக்கு ஆனது 6,400, பில்லோடு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டேன்.

நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஜெயித்த அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். அதே வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கிராம சபை மாதிரி நகர்ப்புறத்திலும் பகுதி சபை நடந்தது. நோட்டோடு போனேன். எழுந்து நின்று, தண்ணீர் வருகிற நாளில் பெரியம்மாவுக்கு ஐநூறு பீடி குறைகிற கணக்கை வாசித்தேன். பெரியம்மாவும் வந்திருந்தார்கள். அடுத்த கோடைக்கு முன்னால் தெரு நடுவில் தோண்டி வால்வு போட்டார்கள். இப்போது தண்ணீர் திறக்கிற நாளில் முதல் ஒரு மணி நேரம் கடைசி வரிசைக்குத்தான். மூன்று வீட்டில் குழியை மண் போட்டு மூடிவிட்டார்கள். மோட்டார் பிரச்சினை இன்னும் தீரவில்லை, சித்தப்பா வீடு உட்பட.

2022இல் பதவியேற்றவர்களின் ஐந்து வருஷம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. வீட்டு வரியை இப்போது வீட்டுக்காரர் பேருக்கு மாற்றிவிட்டேன். குடிநீர்க் கட்டணத்தில் பாக்கி எதுவும் இல்லை.