சக்கரம் எங்கே, தம்பி?

இணையத்தளம் வேகமாகத் திறந்தால் வாடிக்கையாளர் மகிழ்வார் என்று பாடம் எழுதியவர்கள் யாரும் கிழக்கிலங்கையின் மருதமுனைக் கைத்தறிக் கடைக்காரருக்குத் தளம் செய்து கொடுத்திருக்க மாட்டார்கள்.

காக்கா (அண்ணன்) என்று நான் அழைக்கும் அந்தக் கடைக்காரரின் தளத்தை முன்பு, பக்கங்களை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் தொகுப்பான ரியாக்டில் கட்டியிருந்தேன். 2013இல் அது வெளிவந்த பிறகு, அது இல்லாமல் தளம் கட்டினால் தொழில் தெரியாதவன் என்று பெயராகிவிடும் காலம் ஒன்று வந்தது. தளத்துக்கு இருந்த வேலையோ கொஞ்சம்தான்: சாரியின் படத்தைக் காட்டி, நிறத்தைக் கேட்டு, பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக என் கணினியில் 'நோட் மாட்யூல்ஸ்' என்ற கோப்புறைக்குள் யார் யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான கோப்புகள் வாடகையில்லாமல் குடியிருந்தன. அதில் ஒருவர் கோபித்துக்கொண்டாலும் ஆபத்துதான். 2016இல் 'லெஃப்ட் பேட்' என்ற பதினொரு வரி நிரலை எழுதியவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள, அதை நம்பியிருந்த பெரிய பெரிய தளங்களைக் கட்டும் வேலை உலகெங்கும் தடைப்பட்டது. சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவதுதான் அந்த நிரலின் முழு உத்தியோகமும்!

இம்முறை எல்லாரையும் குடியெழுப்பிவிட்டேன். மிஞ்சியது பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் வெறும் எச்டிஎம்எல், தோற்றத்துக்குச் சின்னதாக ஒரு சிஎஸ்எஸ் கோப்பு. முன்பதிவுக்குச் சாதாரணப் படிவம். 1995இல் வந்த எச்டிஎம்எல் 2.0 நியமத்திலேயே அது இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் விவரம் தானாகவே சேவையகத்துக்குப் போய்ச் சேரும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். பெயரை நிரப்பாமல் அனுப்பப் பார்ப்பவரைத் தடுக்க, பிற்பாடு வந்த 'ரெக்வயர்ட்' என்ற ஒற்றைச் சொல் போதும். மிச்சத்தை பிரவுசர் பார்த்துக்கொள்ளும்.

கல்முனை பஸ்ஸில் போய் இறங்கி, கடையில் காட்டினேன். கீறல் விழுந்த போனில், நூல் தூசி ஒட்டிய பெருவிரலால் அழுத்தினார். தொட்டதும் திறந்தது. மூடினார், மறுபடி திறந்தார். முகம் சுருங்கியது.

"சக்கரம் எங்கே, தம்பி?"

"எந்தச் சக்கரம், காக்கா?"

"நடுவில் நின்று சுற்றுமே, அது."

"படமெல்லாம் உடனே வந்துவிடுகிறது. காத்திருக்கத் தேவையில்லை. அதனால் சக்கரமும் இல்லை."

அவர் பின்னறைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு பெண் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "அது சுற்றினால்தான் தறிக்கு வேலை. உங்களுடையது சுற்றவே இல்லையே. உள்ளே ஒருவரும் வேலை செய்வதாகத் தெரியவில்லை."

1991இல் செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வுகூடத்திலிருந்து உலகுக்கு வெளிவந்த முதல் இணையத்தளத்தை இன்றைய போனிலும் திறந்து பார்க்கலாம், அதிலும் சக்கரம் கிடையாது என்று விளக்கினேன்.

"அவர்கள் சாரி விற்கவில்லையே" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கட்டாயம் வேண்டுமென்றால் சும்மா சுற்றுகிற சக்கரமொன்றைப் பூட்டித் தரலாம், ஆனால் அதற்குக் கூலி தனி என்றேன். தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"பூட்டக் கூலி தனி என்றால், கழற்றியதற்கு எவ்வளவு குறைப்பீர்கள்?"