சொந்தப் படையின் முற்றுகை: டர்பனில் லைம் நோயோடு நான் கழித்த மூன்று வாரங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுப் படிகளில் ஏறும்போது கண் இருட்டி நான் சுவரைப் பிடித்துக்கொண்ட நாளுக்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மகள் வீட்டிலிருந்து திரும்பியிருந்தேன். அங்கே ஜூன் மாதத்தில், காட்டை ஒட்டிய தோட்டத்தில் களை பிடுங்கிய பிறகு, முழங்காலின் பின்புறம் உள்ளங்கை அளவுக்குச் சிவந்த தடிப்பு ஒன்று பரவியது. வலியோ அரிப்போ இல்லாததால் சந்தனத்தைக் குழைத்துப் பூசினேன். அது மறைந்தது, நானும் மறந்தேன்.

முதலில் பார்த்த மருத்துவர் இந்த ஊர் வழக்கப்படி உண்ணிக் காய்ச்சலைத்தான் தேடினார். அந்தக் காய்ச்சலில் கடிவாயில் கறுப்புப் பொருக்கு இருக்கும். என்னிடம் அது இல்லாததால், வயதின் தளர்ச்சி என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் வேறொரு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தபோது, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் செல்ல 200 மில்லிவினாடிக்கு மேல் ஆகக்கூடாது என்ற இடத்தில், எனக்கு 340 ஆகியிருந்தது. அன்றிரவே சில தூண்டல்கள் கீழறையை அடையவேயில்லை. நாடி 36க்கு இறங்கியது. கழுத்து இரத்தக்குழாய் வழியாக, இதயத்தைத் துடிக்கத் தூண்டும் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியைச் செலுத்தினார்கள்.

நிரந்தர பேஸ்மேக்கர் பற்றிய பேச்சு எழுந்தபோதுதான், இளைய மருத்துவர் ஒருவர், “ஐயா, கடந்த மூன்று மாதங்களில் எங்கெல்லாம் போயிருந்தீர்கள்?” என்று கேட்டார். கனெக்டிகட் என்றதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். 1970களின் நடுவில் குழந்தைகளின் மூட்டுவீக்கம் கவனத்துக்கு வந்த லைம் என்ற ஊர் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. அந்த ஊரின் பெயரையே பெற்ற லைம் நோயைப் பரப்பும் இளம் உண்ணி கசகசா விதையளவே இருக்கும் என்பதால், அது கடித்ததை நான் அறியாமல் போனதில் வியப்பில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல், அன்றே செஃப்ட்ரையாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசியை நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் இரத்தக்குழாயில் ஏற்றத் தொடங்கினார்கள்.

மின்தூண்டல் தடைபட்ட இந்த அடைப்புக்குக் கிருமி மட்டும் காரணமல்ல என்று அவர் சொன்னதுதான் என்னை உறங்கவிடவில்லை. லைம் நோயை உண்டாக்கும் திருகு வடிவ பொரேலியா கிருமி இதயத்தின் இணைப்புத் திசுவில் ஒட்டிக்கொள்கிறது. அதன் மேலுறையில் உள்ள கொழுப்புப் புரதங்களை உடலின் முன்னணிக் காவலணுக்கள் அடையாளம் கண்டு அழைப்பு விடுக்க, பெருவிழுங்கணுக்களும் நிணவணுக்களும் அங்கே குவிகின்றன. மின்தூண்டலைக் கடத்தும் முடிச்சு மிகச் சிறியது. அங்கே ஏற்படும் வீக்கமே இதயத்தின் தாளத்தைக் கெடுக்கப் போதுமானது. எலிகளில் செய்த ஆய்வுகளில், மூட்டுவீக்கத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்களும் இதய அழற்சியில் பெருவிழுங்கணுக்களும் மேலோங்கியிருப்பது தெரிந்திருக்கிறது. ஒரே கிருமிக்கு ஒரே உடல் இடத்துக்கு ஒரு படையை அனுப்புகிறது!

அப்படியானால் ஸ்டீராய்டு கொடுத்து அந்தப் படையை அடக்கிவிடலாமே என்று கேட்டேன். என் அக்காவுக்குச் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானதும், உடலே தன் இதயத்தைத் தாக்கியதாக அப்போது சொன்னதும் என் நினைவில் இருந்தன. மருத்துவர் இரண்டையும் பிரித்துக் காட்டினார். அக்காவின் நோயில் தொண்டைக் கிருமியை எதிர்க்க எழுந்த எதிர்ப்பாற்றல், அதைப்போலத் தோன்றிய இதயத் திசுவையும் தாக்கியது. கிருமி இதயத்தில் இருக்கவில்லை. எனக்கோ கிருமியே திசுவுக்குள் இருந்தது. டி, பி நிணவணுக்கள் இரண்டும் இல்லாமல் பிறந்த எலிகளில் கிருமி நீங்குவதில்லை, இதய அழற்சியும் தணியாமல் நீடிக்கிறது. நோய்கண்ட எலிகளின் எதிர்ப்பொருளைச் செலுத்தினால் அது தணிகிறது. வீக்கத்தை உண்டாக்கும் படைதான் அதை முடித்தும் வைக்கிறது என்பதால், கிருமியைக் குறைத்து அதற்கு உதவுவதே முறை என்றார்.

ஆறாம் நாள் கம்பியை எடுத்தார்கள். ஊசி நின்று டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை தொடர்ந்தது. சோதனை முடிவு லைம் என்று உறுதி செய்தது. 21ஆம் நாள் எடுத்த ஈ.சி.ஜி.யில் மின்தூண்டல் செல்லும் நேரம் 190 மில்லிவினாடி என்று இருந்தது. நிரந்தர பேஸ்மேக்கர் பேச்சு அத்தோடு முடிந்தது.

செய்தியைச் சொல்ல அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். நாற்பது வயது வரை மாதந்தோறும் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டவர் அவர். “உனக்கு மூன்றே வாரமா, தம்பி?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.