அவளுடைய கையெழுத்து போதும்

வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிவதற்கு முன்பிருந்தே நான் கிராம சுகாதார செவிலியர். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து ஊர்கள். கர்ப்பிணிகளுக்கு பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிகிற எண்) வாங்கித் தருவது, தடுப்பூசி, பிரஷர் பார்ப்பது, பிரசவம் ஆனபின் வீடு தேடிப் போவது என்று வெளியில் தெரிகிற வேலைகள் இருக்கின்றன. ஆனால் பெண்கள் என்னிடம் சொல்வதில் பாதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பீடி சுற்றுகிற கையை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல் சொல்வார்கள்: "நர்சம்மா, இன்னொண்ணு வேணாம்னு கீறேன். மாமியா ஒத்துக்க மாட்டேங்குது."

இரண்டு பெண் குழந்தைகள் உள்ள ஒருத்தி, ரத்தசோகை வேறு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள முடிவெடுத்தாள். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. நான் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். போன இடத்தில் "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை அவளைப் பார்த்தபோது மூன்றாவது கர்ப்பம், நான்கு மாதம். அரசின் வழிகாட்டுதல் அந்த ஆபரேஷனுக்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை என்றே சொல்கிறது. அதைச் சொல்லி அன்று அங்கே போய்ச் சண்டை போட்டேன். சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. கவுன்டரில் இருந்தவர் பக்கம் வழக்கம் இருந்தது, வழக்கம் ஜெயித்துவிட்டது.

கருக்கலைப்பிலும் இதே கதைதான். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், அப்பா, மாமியார் யாரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. 2021 திருத்தம் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும் என்றது, குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை நீட்டியது. கருத்தடை பலிக்காமல் போன இடத்தில் முன்பு 'மணமான பெண்' என்று இருந்ததை 'எந்தப் பெண்ணும்' என்று மாற்றியது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 24 வார வரம்பில் மணமாகாத பெண்ணை ஒதுக்கிவைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பெண்ணின் பெயரை வெளியே சொன்னால் தண்டனையும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் டாக்டரின் கருத்துதான் முடிவு செய்கிறது. அவள் கேட்டாள் என்பது மட்டுமே காரணமாக இன்னும் ஆகவில்லை. அந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

வேண்டும் என்கிறவளைத் தடுப்பது ஒரு பக்கம். வேண்டாம் என்கிறவளைத் தள்ளுவது இன்னொரு பக்கம், அதையும் பார்த்திருக்கிறேன். "ரெண்டாச்சே, அப்படியே முடிச்சிடலாமா?" என்று சிசேரியன் மேசைக்குப் போகிற நேரத்தில் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? வலியில் ஆட்டுகிற தலையைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இத்தனை ஆபரேஷன் முடித்தாக வேண்டும் என்ற டார்கெட் முறை 1996இல் போய்விட்டது என்பார்கள். 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில், கருத்தடை முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் செத்துப்போனார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களையே நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. பிள்ளை வேண்டும், வேண்டாம், இப்போது வேண்டாம் என்று எதுவானாலும் சொல்ல வேண்டியவள் அவள். அதனால்தான் ஏழாம் மாதத்திலேயே, மாமியார் வெளியே போன நேரம் பார்த்து, காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசி, சாயா மாத்திரை என்று கருத்தடை வழிகள் எல்லாவற்றையும் விளக்கிவிடுவேன். இது வேண்டாம் என்றால் அதுவும் சரி.

ஆண்களைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், 15-49 வயதுள்ள மணமான பெண்களில் தானே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். தழும்பும் தையலும் இல்லாத வாசெக்டமி சில நிமிட வேலை, இரண்டு நாளில் லேசான வேலைக்குத் திரும்பலாம், மூன்று மாதம் மட்டும் ஆணுறை வேண்டும். "மூட்டை தூக்க முடியாது, நர்சம்மா" என்று தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் சொல்வார். ரத்தசோகையோடு தண்ணிக்குடம் தூக்குகிற மனைவி பக்கத்திலேயே நிற்பாள்.

அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் 1902இல் பெண்களுக்கான மருத்துவமனை தொடங்கிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அவரை அதற்குத் தூண்டியது இதுதான்: திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள், ஆண் டாக்டரை அனுமதிக்க அவர்கள் கணவர்கள் மறுத்ததால். அந்தக் கதையைச் சொல்கிற யாரும் அந்த மூன்று பெண்களிடம் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா என்பதைச் சொல்வதில்லை. நான் பயிற்சிக்கு வரும் புதுச் செவிலியர்களிடம் இதைத்தான் முதலில் கேட்கிறேன்.

அப்புறம், நான் மேலதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு பிரசவ வார்டிலும், ஆபரேஷன் பதிவு செய்யும் மேசைக்கு மேலேயும், கணவர் கையெழுத்து தேவையில்லை என்று தமிழில், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கும் புரிகிற பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். அதைக் காட்டிக் கேட்கிறவளைத் திருப்பி அனுப்பினால் எங்கே புகார் கொடுக்கலாம் என்ற போன் நம்பரும் அதன் கீழேயே இருக்க வேண்டும்.